‘மீனுக்குத்தான் வரி கிடையாதே!’: ராமநாதபுரம் கடற்கரை வியாபாரமும் ஜிஎஸ்டியும்

பாம்பனில் விசைப்படகு, தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம், மண்டபத்தில் ஐஸ் கம்பெனி, ராமேஸ்வரத்தில் லாட்ஜ். நான்கும் ஒரே கடற்கரைத் தொழில்கள்தான். ஆனால் வரிச் சட்டத்தின் கண்ணுக்கு நான்கும் வேறு வேறு. “மீனுக்கு வரி கிடையாது” என்ற பேச்சை நம்பிப் பல வருடம் தொழில் செய்தவருக்குத் திடீரென்று ஒரு நோட்டீஸ் வருவது இந்த வேறுபாட்டால்தான். 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறியதில் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. எனவே அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மதிப்புக் கூட்டு வரி: கணக்கு இவ்வளவுதான்

ஒரு பொருள் கைமாறும் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு மதிப்பு கூடுகிறதோ, அந்தக் கூடுதலுக்கு மட்டும் வரி. வலைக் கடையை எடுத்துக்கொள்வோம். மீன்பிடி வலைக்கு 5 சதவீதம்.

1. கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் 1,00,000 ரூபாய்க்கு வலை வாங்குகிறார். வரி 5,000.
2. அதை 1,20,000 ரூபாய்க்கு விற்கிறார். வாங்குபவரிடம் 6,000 ரூபாய் வரி வசூலிக்கிறார்.
3. தான் ஏற்கெனவே கொடுத்த 5,000-ஐக் கழித்து, மீதி 1,000-ஐ மட்டும் அரசுக்குக் கட்டுகிறார்.

அவர் கூட்டிய மதிப்பு 20,000. அதில் 5 சதவீதம் 1,000. கணக்கு நேராகிறது. மூன்றாம் படியில் அவர் கழித்துக்கொண்ட 5,000-க்குப் பெயர் உள்ளீட்டு வரி வரவு. இந்தக் கட்டுரையில் வரும் சிக்கல்களில் பாதி, இந்த வரவு யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதைப் பற்றியவை.

தமிழ்நாட்டில் ‘வாட்’ என்ற பெயரில் இந்த முறை 2007 ஜனவரி 1-இல் வந்தது. 2017 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் ஜிஎஸ்டி என்ற சரக்கு, சேவை வரி. மாநிலத்துக்குள் விற்றால் வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. வெளிமாநிலத்துக்கு விற்றால் முழுவதும் ஐஜிஎஸ்டி என்ற ஒரே பெயரில் போகும், விகிதம் மாறாது.

பெட்ரோல், டீசல், மதுபானம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் இன்றும் மாநிலத்தின் வாட் வரிதான். டீசலுக்குக் கொடுத்த வாட் வரியை ஜிஎஸ்டியில் கழிக்க வழியில்லை. மீன்வண்டி ஓட்டுபவரின் பெரிய செலவே டீசல் என்பதால் இது சாதாரண விஷயமில்லை. படகுகளுக்கு அளவு வரம்போடு கிடைக்கும் விற்பனை வரி விலக்கு டீசல் மாநில அரசின் தனிச் சலுகை. ஜிஎஸ்டியோடு அதற்குத் தொடர்பில்லை.

‘வரி இல்லை’ என்பதற்கு மூன்று பொருள்

குழப்பத்தின் வேர் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. மூன்று வெவ்வேறு நிலைகளுக்கும் கடற்கரையில் ஒரே பேச்சுதான்.

முதலாவது, விலக்கு. பச்சை மீன், ஐஸில் வைத்த மீன் இரண்டும் வரிவிலக்குப் பட்டியலில் இருக்கின்றன. விற்பவர் வரி வசூலிக்க வேண்டாம். ஆனால் அவர் வாங்கிய பொருட்களுக்குக் கொடுத்த வரி திரும்பி வராது. ஒரு படகுக்காரர் ஓர் ஆண்டில் 3,00,000 ரூபாய்க்கு வலையும் 2,00,000 ரூபாய்க்கு ஐஸும் வாங்கினால், இரண்டுக்கும் 5 சதவீதம் வீதம் 15,000 + 10,000 ரூபாய் வரி கொடுத்திருப்பார். அந்த 25,000-ஐக் கழிக்க அவர் கையில் வரியுள்ள விற்பனை எதுவும் இல்லை. அது மீனின் அடக்கவிலையில் சேர்ந்துவிடுகிறது. மீனவருக்கு வரியே இல்லை என்று சொல்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். பில்லில் தெரியாத வரியை அவர்தான் சுமக்கிறார்.

இரண்டாவது, பூஜ்ய விகிதம். இது ஏற்றுமதிக்கு. இங்கும் வெளிநாட்டுக்காரரிடம் வரி வசூலிப்பதில்லை. ஆனால் ஏற்றுமதியாளர் தான் வாங்கிய பெட்டி, ஐஸ், குளிர்பதனக் கிடங்கு வாடகை ஆகியவற்றுக்குக் கொடுத்த வரியைத் திரும்பக் கேட்கலாம். உள்ளூரில் விலக்கு பெற்ற பொருளை ஏற்றுமதி செய்தாலும் இந்த உரிமை உண்டு. வரியுள்ள சரக்கை வரி கட்டாமல் அனுப்ப, ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஒரு உறுதிப் பத்திரத்தை இணையதளத்தில் பதிய வேண்டும். ஏப்ரலில் புதுப்பிக்க மறந்துவிட்டு மே மாதம் நினைவுக்கு வருவது வழக்கமாக நடக்கும் பிழை. பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்துக்குக் கெடு இரண்டு ஆண்டு.

மூன்றாவது, வரம்புக்குக் கீழே இருப்பது. விற்கும் பொருளுக்கு வரி உண்டு. ஆனால் வியாபாரம் சிறியது என்பதால் பதிவு தேவையில்லை. பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். சேவை செய்பவருக்கும், பொருளும் சேவையும் கலந்து செய்பவருக்கும் 20 லட்சம்.

ஒரே ஆள் இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகளில் ஒரே நேரத்தில் இருக்க முடியும். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

கருவாடும் கருப்பட்டியும்: பையின் மேல் ஒட்டும் லேபிள்

சாக்கில் குவித்து, வாங்குபவர் கண்ணெதிரே எடை போட்டு விற்கும் கருவாட்டுக்கு வரி இல்லை. அதே நெத்திலிக் கருவாட்டை 200 கிராம் பையில் அடைத்து, பெயர், எடை, தேதி, விலை அச்சிட்டு விற்றால் 5 சதவீதம். சாயல்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டிக்கும் இதே விதி: உதிரியாக விற்றால் இல்லை, பொதிந்து லேபிளோடு விற்றால் 5 சதவீதம். வாலிநோக்கம் உப்பு விதிவிலக்கு. உப்புக்குப் பொதிந்தாலும் வரி கிடையாது.

2022 ஜூலை 18-க்கு முன் ‘பதிவு செய்த பிராண்ட்’ இருந்தால் மட்டும் வரி என்றிருந்தது. பலர் இன்னும் அந்த நினைப்பிலேயே இருக்கிறார்கள். இப்போது பிராண்ட் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. பார்க்க வேண்டியவை இவை:

1. சில்லறை விற்பனைக்காக முன்கூட்டியே அடைக்கப்பட்டதா? வாங்குபவர் வந்த பிறகு எடை போட்டுக் கட்டிக் கொடுத்தால் அது முன்பொதிவு ஆகாது.
2. ஒரு பொதியில் 25 கிலோ அல்லது அதற்குக் குறைவா? 30 கிலோ மூட்டைக்கு இந்த வரி இல்லை. ஆனால் 10 கிலோ சில்லறைப் பொதிகள் மூன்றை ஒரே சாக்கில் போட்டு 30 கிலோ என்று காட்டினால் செல்லாது. உள்ளே இருக்கும் பொதிதான் கணக்கு.
3. எடையளவுச் சட்டப்படி அந்தப் பொதியில் விவரங்கள் அச்சிட வேண்டிய கட்டாயம் இருக்கிறதா?

மூன்றாவதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். “லேபிள் ஒட்டாமல் விட்டுவிட்டால் வரி வராதே” என்று ஒரு யோசனை சந்தையில் சுற்றுகிறது. சட்டம் கேட்பது லேபிள் ஒட்டியிருக்கிறதா என்பதை அல்ல. ஒட்ட வேண்டிய பொதியா என்பதை. ஒட்டாமல் விட்டால் வரியும் நிற்கும், எடையளவுச் சட்டத்தை மீறிய குற்றமும் சேரும்.

மொத்த வியாபாரியிடம் 5 சதவீத வரியோடு பொதி வாங்கி, கடையில் பிரித்து உதிரியாக விற்பவர், அந்த உதிரி விற்பனைக்கு வரி வசூலிக்க வேண்டாம். ஆனால் அவர் கொடுத்த 5 சதவீதமும் அவருக்கு வரவாகக் கிடைக்காது.

40 லட்சத்தை எப்படி எண்ணுவது?

இந்த வரம்புக்கு எண்ண வேண்டியது வரியுள்ள விற்பனையை மட்டும் அல்ல. விலக்குப் பெற்ற மீன், ஏற்றுமதி, வெளிமாநில விற்பனை, அதே பான் எண்ணில் நடக்கும் எல்லாத் தொழிலும் சேர்ந்ததுதான் மொத்த விற்றுமுதல். கடை வாடகை வருமானமும் இதில் வரும். மனைவிக்கோ மகனுக்கோ தனி பான் எண்ணில் உண்மையாகவே தனித் தொழில் இருந்தால் அது தனிக் கணக்கு.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. விலக்குப் பொருளை மட்டுமே விற்பவருக்கு விற்றுமுதல் கோடியைத் தாண்டினாலும் பதிவு வேண்டாம். ‘மட்டுமே’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சில நிலைமைகள்:

1. ஆண்டுக்கு 90 லட்சத்துக்குப் பச்சை மீனும் உதிரிக் கருவாடும் மட்டும் விற்பவர்: பதிவு தேவையில்லை. கேரளாவுக்கு அனுப்பினாலும் தேவையில்லை.
2. 60 லட்சத்துக்கு உதிரிக் கருவாடும் 3 லட்சத்துக்கு லேபிள் பொதியும் விற்பவர்: ‘மட்டுமே’ போய்விட்டது. மொத்தம் 63 லட்சம், வரம்பைத் தாண்டியது. பதிவு கட்டாயம். வரி 3 லட்சத்துக்கு மட்டும்தான், 15,000 ரூபாய்.
3. 10 லட்சத்துக்கு மட்டும் லேபிள் கருவாடு தயாரித்து, அதில் ஒரு பகுதியைக் கொச்சிக் கடைக்கு விற்பவர்: வெளிமாநிலத்துக்கு வரியுள்ள பொருள் போனால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். இங்கே 40 லட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை.
4. 30 லட்சத்துக்கு மீன் விற்று, சொந்த வீட்டு மாடியில் 5 லட்சம் வரும் நான்கு அறை லாட்ஜும் நடத்துபவர்: சேவை கலந்துவிட்டதால் வரம்பு 20 லட்சம். மொத்தம் 35 லட்சம். லாட்ஜ் வருமானத்துக்குப் பதிவு செய்து வரி கட்ட வேண்டும்.

நான்காவது நிலைமையில் இருப்பவர்கள் ராமேஸ்வரம் தீவில் அதிகம் இருக்கக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏலத் தரகு பற்றியும் ஒரு எச்சரிக்கை. வேளாண் விளைபொருளை விற்றுத் தரும் கமிஷனுக்கு விலக்கு உண்டு. ஆனால் சட்டம் தரும் விளக்கத்தில் பயிரிடுவதும் உயிரினங்களை வளர்ப்பதும்தான் இருக்கின்றன; கடலில் பிடிப்பது என்ற சொல் இல்லை. பண்ணை இறாலுக்குப் பொருந்துவது கடல் மீனுக்கும் தானாகப் பொருந்தும் என்று வாய்ப்பேச்சில் நம்பித் தொழில் செய்வது ஆபத்து. கமிஷன் தொகை பெரிதாக இருப்பவர், பத்தாயிரம் ரூபாய் கட்டணத்தில் முன்கூட்டிய தீர்ப்பு (தன் தொழிலுக்கு வரி உண்டா என்று ஜிஎஸ்டி ஆணையத்திடம் முன்பே கேட்டுப் பெறும் பதில்) வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக்கு எந்தக் கட்டணமும் இல்லை. பான், ஆதார், புகைப்படம், இடத்துக்கான சான்று போதும். கடை அப்பாவின் பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதமும் வீட்டு வரி ரசீதோ மின்கட்டண ரசீதோ வேண்டும்; விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இந்தக் கடிதம் இல்லாததால்தான். கிடைக்கும் 15 இலக்க எண் 33 என்று தொடங்கும். அடுத்த பத்தும் உங்கள் பான் எண். பதிவு செய்ய வேண்டியவர் செய்யாமல் இருந்தால் தண்டம் 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரித் தொகை, எது அதிகமோ அது.

காம்போசிஷனா, சாதாரணப் பதிவா?

விற்றுமுதல் 1.5 கோடி வரை இருப்பவர் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும், கணக்கு எளிது. ஆனால் வாங்குபவரிடம் வரி வசூலிக்க முடியாது, வரவு கிடையாது, வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது.

“ஒரு சதவீதம்தானே” என்று இதில் நுழையும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். மேலே சொன்ன 63 லட்சக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவர் வாங்கி விற்கும் வியாபாரி என்றால், 1 சதவீதம் வரியுள்ள விற்பனைக்கு மட்டும்: 3 லட்சத்துக்கு 3,000 ரூபாய். லாபம். அவரை உற்பத்தியாளர் என்று துறை கருதினால், 1 சதவீதம் விலக்குப் பொருளும் சேர்ந்த மொத்த விற்றுமுதலுக்கு: 63,000 ரூபாய். சாதாரணப் பதிவில் 15,000 கட்டியிருப்பவர் நான்கு மடங்குக்கு மேல் கட்ட நேரும். மீனை வாங்கித் தானே உப்பிட்டுக் காயவைப்பவர் இந்தத் திட்டத்தைத் தொடும் முன் ஆடிட்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

சாதாரணப் பதிவில் வரவு எடுப்பதற்கும் அளவு உண்டு. லேபிள் பைக்கும், பை அடைக்கும் இயந்திரத்துக்கும் கொடுத்த வரி முழுவதும் கிடைக்கும். இரண்டு வியாபாரத்துக்கும் பொதுவான செலவுக்கு விகிதப்படிதான். பொதுச்செலவில் 21,000 ரூபாய் வரி இருந்தால், 63-இல் 3 பங்கு, அதாவது 1,000 ரூபாய்தான் வரவு. மீதி 20,000-ஐ எடுத்திருந்தால் திருப்ப வேண்டும், வட்டியோடு.

ஐஸ் கம்பெனி, லாட்ஜ்

ஐஸுக்கு 5 சதவீதம். ஐஸ் கம்பெனியின் முதன்மைச் செலவான மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. எனவே மாதாமாதம் கழிக்க வரவும் அதிகம் இல்லை. ஆனால் கம்ப்ரசர் மாற்றும் வருடத்தில் 18 சதவீத வரி ஒரே தடவையில் சேரும். விற்பனை வரி 5 சதவீதம் மட்டும் என்பதால் அந்த வரவு கரைய நெடுநாள் ஆகும். இயந்திரம் போன்ற மூலதனப் பொருளுக்குக் கொடுத்த வரியைப் பணமாகத் திரும்பக் கேட்க முடியாது. புது இயந்திரத்துக்குக் கடன் வாங்குபவர், வரித் தொகை கையில் உடனே வராது என்பதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

லாட்ஜில் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், அதுவரை 12. விகிதம் குறைந்ததோடு வரவும் போய்விட்டது. ஏசி, டிவி, பெயின்ட், சலவை எல்லாவற்றுக்கும் கொடுக்கும் வரி இனி செலவுதான். பழைய பழக்கத்தில் வரவு எடுத்துக்கொண்டே போகிறவர்கள் ஆண்டு முடிவில் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். இன்னொன்று, முன்பதிவுப் பணம். பொருளுக்கு முன்பணம் வாங்கினால் அப்போது வரி இல்லை. சேவைக்கு முன்பணம் வாங்கிய மாதத்திலேயே வரி. ஆடி அமாவாசைக்கு ஆனி மாதமே அட்வான்ஸ் வாங்கினால், அந்த அட்வான்ஸ் வாங்கிய மாதக் கணக்கில்தான் காட்ட வேண்டும்.

தடைக்காலத்திலும் ரிட்டர்ன் உண்டு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐஸ் கம்பெனி ஓடாது, வலைக் கடையில் விற்பனை இல்லை. பதிவு பெற்றவருக்கு ரிட்டர்ன், அதாவது விற்பனை, வரிக் கணக்கைத் தாக்கல் செய்வது, மட்டும் நிற்காது. விற்பனையே இல்லாவிட்டாலும் ‘நில்’ என்று தாக்கல் செய்ய வேண்டும். பதிவான கைபேசியிலிருந்து 14409-க்குக் குறுஞ்செய்தி அனுப்பியே இதை முடிக்கலாம்.

தேதிகள் இவை:

1. மாதத் தாக்கல்: விற்பனை விவரம் ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-க்குள்; வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20-க்குள்.
2. 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர் காலாண்டுத் தாக்கலைத் தேர்ந்தெடுக்கலாம்: ஜிஎஸ்டிஆர்-1 காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-க்குள், 3பி தமிழ்நாட்டுக்கு 22-க்குள். காலாண்டின் முதல் இரு மாதங்களுக்கும் வரிப் பணத்தை அந்தந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 25-க்குள் கட்ட வேண்டும்.
3. காம்போசிஷன்: காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-க்குள் சிஎம்பி-08 படிவம், ஆண்டுக்கு ஒருமுறை ஜூன் 30-க்குள் ஜிஎஸ்டிஆர்-4.

3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், நில் என்றால் 20 ரூபாய். 1.5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவருக்கு ஒரு ரிட்டர்னுக்கு உச்சவரம்பு 2,000. நில் ரிட்டர்னுக்கு 500. கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. தொடர்ந்து ஆறு மாதம் தாக்கல் செய்யாவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம். சீசன் தொடங்கி லாரி கிளம்பும் நாளில்தான் எண் ரத்தானது தெரியவரும்.

பில், லாரி, வரவு: வழக்கமாகத் தவறும் இடங்கள்

வரவு உங்கள் கையில் உள்ள பில்லை வைத்து மட்டும் கிடைப்பதில்லை. விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் அந்தப் பில்லை ஏற்றியிருக்க வேண்டும். அது ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி உருவாகும் உங்கள் 2பி என்ற வரவுப் பட்டியலில் வர வேண்டும். மதுரையில் வாங்கிய கம்ப்ரசர் பாகம் பட்டியலில் இல்லையென்றால், விற்றவரை அப்போதே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒரு நிதியாண்டின் வரவை எடுக்கக் கடைசி நாள் அதற்கடுத்த நவம்பர் 30. அதன் பிறகு யாரைக் கேட்டும் பயனில்லை.

கடன் வியாபாரத்துக்கு இன்னொரு கட்டு இருக்கிறது. வாங்கிய சரக்குக்கு 180 நாட்களுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். மீன் வந்தால் பணம் என்று படகுக்கு வலையைக் கடனில் கொடுத்துவிட்டு, மொத்த வியாபாரிக்கு ஒரு சீசன் தள்ளிக் கொடுக்கும் வழக்கம் இந்த 180 நாளில் எளிதாக இடிக்கும்.

லாரியில் போகும் வரியுள்ள சரக்குக்கு இ-வே பில் (சரக்கை அனுப்பும் முன் இணையத்தில் எடுக்கும் சீட்டு): வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல். பச்சை மீனுக்கும் உதிரிக் கருவாட்டுக்கும் தேவையில்லை. இரண்டும் கலந்து ஒரே பில்லில் போனால், விலக்குப் பொருளின் மதிப்பைக் கழித்துவிட்டு வரம்பைப் பார்க்கலாம். ஆனால் பில்லில் எது உதிரி, எது பொதி என்று தனித்தனியே எழுதியிருக்க வேண்டும். “கருவாடு 40 மூட்டை” என்று மொட்டையாக எழுதினால், சோதனையில் நிறுத்தும் அதிகாரி முழுச் சரக்குக்கும் வரி கேட்டால் மறுத்துப் பேச ஆதாரம் இருக்காது.

இதே காரணத்துக்காக, பதிவு வேண்டாத மீன் வியாபாரியும் கொள்முதல் சீட்டு, ஏலச் சீட்டு, வங்கிக் கணக்கு மூன்றையும் வைத்திருக்க வேண்டும். கணக்கில் 90 லட்சம் வரவு வைத்திருப்பவரிடம் துறை கேள்வி கேட்டால், அது முழுவதும் விலக்குப் பொருள்தான் என்று காட்ட வேண்டியவர் அவரே. பதிவு பெற்றவர்கள் ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். உப்புக்காற்றில் தாள் நிற்காது. வெப்பத்தாள் பில்லில் எழுத்து ஒரு வருடத்திலேயே மறைந்துவிடும். வாங்கிய அன்றே கைபேசியில் படமெடுத்து, மாதவாரியாகப் பிரித்து இன்னொரு இடத்திலும் சேமித்து வைக்க வேண்டும்.